அச்சில் விழுந்த ரேகை

நிர்மலா வேலை செய்யும் பட்டறையில், கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் தெரிகிற மூக்குக்கண்ணாடி பிளாஸ்டிக் லென்ஸ் வார்ப்பதற்கான கண்ணாடி அச்சுகளைச் செய்கிறார்கள். வெறுங்கை பட்ட கண்ணாடியை உலையில் வைத்தால், ரேகை வெந்து பதிந்துவிடும்.

அன்று உலையிலிருந்து எடுத்த வலக்கண் அச்சின் கீழ்ப்பாதியில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

“கிளவுஸ் போடாம யாரு தொட்டது?” என்றார் சூப்பர்வைசர் மாது.

ரேகையின் குறுக்கே ஓடிய தழும்பு நிர்மலாவுக்குத் தெரியும். தக்காளிப் பெட்டி ஆணி கிழித்தது. பாலக்கோடு மார்க்கெட்டில் பெட்டி தூக்கிய அவள் கணவன் ரஞ்சித்குமார் போன வருஷம் இறந்துவிட்டான்.

“நாந்தாங்க,” என்றாள்.

மறுநாள் இடக்கண் அச்சிலும் ஒன்று.

கழித்துப் போட்ட இரண்டையும் யாருமில்லாத வீட்டுக்குக் கொண்டுபோய், கைக்கு ஒன்றாகக் கண்ணெதிரே பிடித்தாள். அழும்போது அவன் துடைத்துவிடும் இடத்தில் ரேகைகள் இருந்தன. அழுதாள். அச்சுகளைப் பிடித்த கைகளை எடுக்கவில்லை. கண்ணீர் கன்னத்துக்கு இறங்கவே இல்லை.