ஐந்தாவது பறவை

கட்கியில் இருந்த வீட்டின் குளியலறைதான் ஷஃபானாவுக்கு இருட்டறை. அலிபாக் கடற்கரையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அங்கேதான் கழுவினாள். ஒரு படத்தில் ஐந்து கடற்பறவைகள் பறந்தன. தாளில் ஐந்தும் வெள்ளை. ஃபிலிமில் வெள்ளை கறுப்பாகத்தான் தெரியும். நான்கு அப்படியே இருந்தன. ஐந்தாவது மட்டும் ஃபிலிமிலும் வெள்ளையாக இருந்தது.

கண்காட்சிக்குப் படத்தோடு ஃபிலிமையும் கொடுக்க வேண்டும். கெடு இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

“அரே லாத்தா, உள்ளயே குடித்தனம் பண்றியா?” என்று தம்பி சாகிப் அக்காவைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டினான்.

திறந்து காட்டினாள். அவன் ஃபிலிமை விளக்குக்கு நேரே பிடித்தான்.

“ஒட்டுவேலைன்னு தூக்கிப் போட்ருவாங்க. வேற படம் குடு.”

“இதுதான்டா நல்லா வந்திருக்கு.”

“ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கணுமா? நான் வண்டிய எடுக்கிறேன், வா.”

அவன் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். அந்தப் படத்தைப் புதுத் தாளின்மேல் கவிழ்த்து, ஒளி காட்டிக் கழுவினாள்; கறுப்பும் வெள்ளையும் இடம் மாற வேண்டும். வெள்ளை அலைநுரை கறுத்தது. நான்கு பறவைகளும் கறுத்தன. ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது.

வேறு படத்தையே கொடுத்துவிடலாம் என்று சிவப்பு விளக்கை அணைத்தாள். இருட்டில் தாள் தெரியவில்லை, தட்டு தெரியவில்லை. அந்தப் பறவை மட்டும் தெரிந்தது.

வாசலில் ஹார்ன் கேட்டது.

“நீ வண்டிய நிறுத்துடா, நான் வரல,” என்று குரல் கொடுத்துவிட்டு, பறவையை உள்ளங்கையால் மூடினாள்.

அது அவள் புறங்கையின் மேல் தெரிந்தது.