ஏழாம் கட்டில் சிரிப்பு

"இது ஆஸ்பத்திரியா, கூத்துக் கொட்டகையா மேடம்?"

எதிர்க் கட்டில் பெரியவர் பொரிந்து தள்ளினார். பிசியோதெரபி மேடம் திரும்பிப் பார்த்தார்.

ஏழாம் கட்டிலில் கொத்தனார் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் அவர் மனைவி. அவருடைய உள்ளங்காலில் விரலை ஓடவிட்டுக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, விடுடி! உசுரு போகுது!"

"விட மாட்டேன். நேத்து மாத்திரையைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சீங்கல்ல? அதுக்குத்தான் இது!"

"தினமும் நாலு மணி ஆனா இதே கூத்து. இடுப்புக்குக் கீழே விளங்காம கிடக்கிற மனுஷன்கிட்ட என்ன விளையாட்டு? வெட்கங்கெட்ட ஜென்மங்க!" என்றார் பெரியவர்.

மேடத்துக்கும் எரிச்சல்தான். ஆனால் காரணம் வேறு.

அவர் இந்த வார்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்து இரண்டு மாதம். கால்களில் உணர்ச்சி இல்லை, இனி வருவதும் சந்தேகம் என்று பெரிய டாக்டர் எழுதிவைத்திருந்தார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

உணர்ச்சி இல்லாத கால் எப்படிக் கூசும்?

"ஏம்மா, கொஞ்சம் குடிக்கத் தண்ணி பிடிச்சிட்டு வாங்க" என்று மனைவியை அனுப்பிவிட்டுக் கட்டிலருகே வந்தார்.

வெறுங்காலோடு சாரம் ஏறி ஏறிக் காய்த்துப்போன பாதம். செருப்புத் தோல் மாதிரி இருந்தது.

"கண்ணை மூடுங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

கொத்தனார் கண்களை இறுக்கி மூடினார்.

"இப்போ?"

"ஹிஹி... கூசுது மேடம்!"

"இப்போ?"

"ஐயோ, முடியல மேடம்!"

"கண்ணைத் திறங்க."

திறந்தார். மேடத்தின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"எத்தனை நாளா இந்தப் பொய்?"

"மூணு வாரமா மேடம். ஒருநாள் ஈரத்துணியால என் காலைத் துடைச்சுக்கிட்டே அழுதா. சத்தமே வராம. பார்க்கச் சகிக்கல. அவ கை உள்ளங்கால்ல போனப்ப சட்டுனு சிரிச்சிட்டேன். 'கூசுதா?'ன்னா. தலையை ஆட்டிட்டேன். அன்னைக்குத்தான் அவ வயிறார சாப்பிட்டா."

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கிச்சுகிச்சு மூட்டினா ஏன் மேடம் சிரிப்பு வருது? நான் சிரிக்கிறது சரிதானான்னுகூடத் தெரியல. மத்தவங்க சிரிக்கிறதைப் பார்த்து, குத்துமதிப்பா சிரிச்சு வைக்கிறேன்."

"அது சந்தோஷத்துல வர்ற சிரிப்பு இல்ல. நம்ம பேச்சைக் கேக்காம உடம்பு தன்னால சிரிக்கும். நாமளா நினைச்சுச் சிரிக்கிறது இல்ல அது." மேடம் குரலை இறக்கினார். "இப்போ அதுவா முக்கியம்? நீங்க நடந்துடுவீங்கன்னு அவங்க நம்பிக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு வீட்டுக்குப் போனா சக்கர நாற்காலி உள்ளே போக வழி இருக்கா? கட்டில்லேர்ந்து உங்களைத் தூக்கி உட்கார வைக்கத் தெரியுமா? பொய்யை நம்பி ஒரு ஏற்பாடும் செய்யாம நின்னா, கஷ்டம் யாருக்கு?"

கொத்தனார் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். எனக்கு வாய் வராது. ஆனா நான் நடிச்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தண்ணீர் பாட்டிலோடு வந்தவளை மேடம் வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"ஏம்மா, மனசைத் திடப்படுத்திக்கங்க. உங்க வீட்டுக்காரர் காலுக்கு உணர்ச்சி..."

"வராது மேடம். தெரியும்."

மேடம் விழித்தார்.

"வாசப்படியை இடிச்சுட்டுச் சரிவு போட்டாச்சு. அவரோட வேலை பார்த்தவங்கதான் ஞாயித்துக்கிழமை வந்து பூசிக் குடுத்தாங்க. கக்கூஸ் கதவையும் அகலப்படுத்தியாச்சு. ஆளைத் தூக்கி மாத்தி உட்கார வைக்கிறதை பக்கத்து வார்டு சிஸ்டர்கிட்ட கத்துக்கிட்டேன். இதுவரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடல."

"அப்போ அவர் பொய்யா சிரிக்கிறார்னு..."

"முதல் நாளே தெரியும்."

"எப்படி?"

"பதினேழு வருஷமா சாயங்காலம் அவர் கால்ல ஒட்டியிருக்கிற சிமெண்டைக் கல்லு வெச்சுத் தேய்ச்சு எடுக்கிறது நான்தான் மேடம். நல்லா இருந்தப்பவே அந்தக் கால் ஒருநாளும் கூசினதில்லை."



"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கும்மா தினமும் நாலு மணிக்குப் போய் உட்காருறீங்க?"

அவள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"விழுந்ததிலேர்ந்து, 'இனிமே உனக்காக என்னால ஒண்ணும் செய்ய முடியாது'ன்னு அழுதுக்கிட்டே கிடந்தார். இப்போ தினமும் ஒண்ணு செய்றார் இல்ல மேடம்!"