நெஞ்சுக்கு ஆகாத கோபம்

பேச்சியம்மாவின் கூடையைப் பொன்னையா கங்காணி சாக்கின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். இதை மாடுகூட மோந்து பார்க்காது என்று கத்தினார்.

தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்களுக்குப் பகீரென்றது.

பேச்சியம்மா அவருடைய சொந்தப் பெண்சாதி. அவள் பறித்ததில் ஒரு முத்தல் இலையைக் காட்டுகிறவனுக்குத் தோட்டத்தையே எழுதிக் கொடுக்கலாம்.

அவர் கத்தியது பெரிதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவர் போடுகிற சத்தத்தில்தான் லயத்து வீடுகளின் கோழிகளே எழும்பும். இப்போது பயமெல்லாம் அவர் உயிரைப் பற்றித்தான்.

போன வாரம் புருஷனும் பெண்சாதியும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனார்கள். மருந்தையா தம்பிராசா இருவருக்கும் குழாய் வைத்துப் பார்த்து, நெஞ்சு பழுதாகிக்கொண்டு வருகிறது, எல்லாம் கோபத்தால் வந்தது என்று சொல்லிவிட்டாராம். முகம் வெளிறி வந்த கங்காணி, கேட்டவர்களிடம் அவ்வளவுதான் சொன்னார்.

கோபம் என்றால் வேறு யார்? அன்றிலிருந்து அவரை ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பேச்சியம்மா சத்தமாக மூச்சுகூட விடவில்லை.

மனுஷனோ தேடித் தேடிச் சண்டைக்கு நின்றார். ரொட்டி கல் என்றார். சம்பல் உப்பு என்றார். அவள் அண்ணனைக்கூட வம்புக்கு இழுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

இன்று கொழுந்தைக் குறை சொல்லிவிட்டார்.

பேச்சியம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வீசினாள்.

“யோவ் கங்காணி! என் கொழுந்தையா குத்தம் சொல்ற? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?”

தராசு பிடித்திருந்த வீரய்யா தராசையே விட்டுவிட்டான். கங்காணி இதோ சாயப்போகிறார் என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

அவள் நிறுத்தவில்லை. கல்யாணத்தன்று பந்தியில் வைத்து அதட்டியது, பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது மலைக்குக் கொழுந்தெடுக்க விரட்டியது எல்லாம் வருஷவாரியாக வந்தது. அடுத்த மலையில் வேலை செய்தவர்களும் நின்று கேட்டார்கள்.

கங்காணி சாயவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். முகமெல்லாம் சிரிப்பு. அவள் மூச்சு வாங்க நின்றபோது, இன்னும் சொல் என்று கையை ஆட்டினார்.

போன வாரம் அவளை வெளியே அனுப்பிவிட்டு மருந்தையா சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

“உமக்கு ஒண்டுமில்லை, கங்காணி. உம்மட மனுசிதான் கோபத்தை விழுங்கி விழுங்கி நெஞ்சைக் கெடுத்து வைச்சிருக்கிறா. வாயைத் திறந்து உம்மை நாலு ஏச்சு ஏசினாத்தான் தப்புவா.”