உச்சி எடை

உடற்பயிற்சி வீடியோ சொல்கிற எடைக்குத் தானாகவே கனக்கும் அந்த டம்பெல், சுகன்யாவுக்கு அறுபது வயது முடிந்த மறுநாளே மூன்று கிலோவோடு நின்றுவிட்டது. சுவர்த் திரையில் தோன்றிய பயிற்சிப் பெண், "உக்காந்தே கையைச் சுத்துங்கம்மா" என்றாள். பிரமிடு மாதிரி சுற்றுக்குச் சுற்று எடையை ஏற்றி, உச்சியில் தொடை நடுங்க நின்று இறங்கினால்தான் சுகன்யாவுக்கு அன்றைய பொழுது விடியும். இதற்கு ஈ ஓட்டலாமே என்று கடுகடுத்தாள்.

மருமகள் மகிழினிதான் வழி சொன்னாள். "அது ஆரம்பத்துல மட்டும்தான் முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்குது. என் முகத்தைக் காட்டி ஆரம்பிச்சிரலாம் அத்தை. என்னை ஓடச் சொல்லி அது நச்சரிக்கிறதும் நிக்கும்."

அன்றிலிருந்து மகிழினி முகத்தைக் காட்டிவிட்டு சோபாவில் சாய்ந்துகொள்வாள். சுகன்யா முப்பது கிலோ வரை ஏறி இறங்குவாள். வீட்டில் அப்படியொரு நிம்மதி.

சில மாதம் கழித்துப் பயிற்சிப் பெண் மகிழினியைப் பாராட்டினாள். "உங்க உடம்பு இரும்பு மாதிரி இருக்கு. பாவம், உங்க மாமியார்தான் அசையறதே இல்ல. தினமும் அவங்களைத் தூக்கி நிறுத்துங்க."

மகிழினி சிரித்துக்கொண்டே எழப் பார்த்தாள். சோபா விடவில்லை.

"இரு கண்ணு" என்று சுகன்யா குனிந்து, மருமகளை அப்படியே அள்ளித் தூக்கி நிறுத்தினாள்.

"ரொம்ப நல்லது மகிழினி," என்றாள் பயிற்சிப் பெண். "நாளைக்கும் மறக்காம தூக்கிவிடுங்க."