திரும்ப இடமில்லாத வாய்க்கால்

சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் குறுகிக்கொண்டே போய், கடைசியில் கயாக் படகைத் திருப்பக்கூட இடமில்லாமல் ஆகிவிட்டது. இனி பின்பக்கமாகத் துடுப்புப் போட்டுத்தான் வெளியே வர வேண்டும். தண்ணீரோ வடிந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் சேறுதான் மிஞ்சும். முன்னால் உட்கார்ந்திருந்த பரணிதரனுக்கு வாய் ஓயவில்லை. "முதுகை நிமித்து. பின்னாடி சாயாத. கையால தள்ளாத, இடுப்பைத் திருப்பு. தோளுக்கு மேல பின்னாடி பாத்துக்கிட்டே போடு."

பின்னால் இருந்த அவன் மனைவி மேகலா சொன்னதையெல்லாம் செய்தாள். அப்படியும் படகு மறுபடி மறுபடி வேரில் போய் இடித்தது.

"நீங்க ஒரு பக்கமாவே போடறீங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்? உனக்குத்தான் ஒழுங்கா வரல."

இதற்குமேல் அவளால் ஆகாது. துடுப்பை உள்ளே போட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள்.

"ஆட்டாத!" என்றான், திரும்பாமல்.

சேற்றில் கால் புதையப் புதைய, பின்முனைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். படகு நேராகப் பின்னால் நகர்ந்தது.

"இப்பதான் சரியாப் போடற. முதுகு நிமிந்திருக்கா?"

"நிமிந்துதான் இருக்கு" என்றாள் மேகலா. கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.