உஸ்ஸென்ற இடம்

பெண் பார்த்துவிட்டுக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டாரின் பழைய கார் வாசலிலேயே உதறி உதறி நின்றது. "மூணு மெக்கானிக் பாத்தாச்சுங்க, ஒருத்தருக்கும் புடிபடலை" என்றார் மாப்பிள்ளையின் அப்பா வேலுச்சாமி.

மணப்பெண் சுகந்தி கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பதை அவள் அம்மா அவர்களிடம் மறைத்திருந்தாள். உள்ளே போகச் சொல்லிக் கண்ணாலேயே அதட்டினாள். சுகந்தியோ பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வெட்டி வந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணி லேசா ஆக்சிலேட்டர் குடுங்க மாமா."

குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேல் மெல்ல நகர்த்தினாள். ஓரிடத்தில் உஸ்ஸென்று கேட்டது. அங்கே மாட்டியிருந்த ரப்பர் ஹோஸின் நுனி வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. வண்டியை அணைக்கச் சொல்லி, வெடித்த நுனியை அறுத்துவிட்டு மிச்சத்தை இறுக்கி மாட்டினாள். அடுத்த முறை இன்ஜின் உதறவே இல்லை.

"ஒர்க்‌ஷாப்புக்குப் போறாளுங்க. சொல்லாம விட்டது தப்புதான்" என்றாள் அம்மா.

"அது கெடக்குங்க. புள்ளைக்கு எங்க பையனைப் புடிச்சிருக்கான்னு மொதல்ல கேளுங்க" என்றார் வேலுச்சாமி.

சுகந்தி அப்போதுதான் மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். அவன் தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினான். அவள் கிரீஸ் படிந்த பத்து விரல்களையும் நிதானமாக அதில் துடைத்தாள்.