எதிரே நின்ற கார்

தேசியப் பூங்காவைப் பார்க்க டென்வரிலிருந்து ரெட்லெட்ஜ் என்ற அந்தப் பாலைவனத்து ஊருக்கு வந்திருந்த லொரெட்டாவுக்கு, விடிந்ததுமே கோபம் தலைக்கேறியது. அவளும் கணவர் வெர்னும் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு எதிரே நின்ற பழைய காருக்குள் யாரோ ஒரு பெண்ணும் சிறுமியும் படுத்திருந்தார்கள்.

"வெர்ன், இந்த அநியாயத்தைப் பார்த்தியா? அழகான ஊரை நாசம் பண்றாங்க!"

"நமக்கென்ன, விடு" என்றார் கணவர்.

அவள் விடவில்லை. போய்க் கார் கண்ணாடியைத் தட்டினாள். பதறி இறங்கிய பெண் பூங்கா ரேஞ்சரின் சீருடையில் இருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு டூட்டிக்குப் போகணும். இதோ கிளம்பிடுறோம்."

"அரசாங்க வேலை பார்க்கிற. பிள்ளையைத் தெருவுல படுக்க வைக்க வெட்கமா இல்ல? ஒரு வீடு பார்க்கக் கூடாதா?"

"வீடு இருந்துச்சு மேடம். டூரிஸ்ட்டுக்கு விட்டா நல்லா சம்பாதிக்கலாம்னு ஓனர் போன மாசம் காலி பண்ணச் சொல்லிட்டார். இப்ப ஊர்ல எல்லா வீடும் அப்படித்தான்."

லொரெட்டாவின் கோபம் திசை மாறியது. "மனுஷனா அவன்? எந்த வீடுன்னு காட்டு. உள்ள இருக்கிறவங்களையும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்!"

"வேணாம் மேடம். நீங்க லீவுக்கு வந்திருக்கீங்க..."

"காட்டுன்னா காட்டும்மா!"

ரேஞ்சர் தயங்கித் தயங்கிக் கை நீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் காபியோட வாசல்ல நிக்கிறாரே, அந்த வீடுதான்."